அசரியா கேட்ட சிநேகிதர்கள்

1910 ஜூன் மாதம் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்களை எண்ணினால் ஏறத்தாழ 20 பேர் தேறுவார்கள். ஜூன் 20 மாலை அமர்வில் பேச எழுந்தவர் அவர்களில் ஒருவர்: திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது வயது 35. தகப்பனார் கிராமத்துச் சபையொன்றின் குரு. மகன் ஒய்.எம்.சி.ஏ.வில் பல ஆண்டு உழைத்துவிட்டு, முந்தின ஆண்டுதான் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணகல்லுக்கு ஊழியத்துக்குப் போயிருந்தார். அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பதில் உள்ள சிக்கல்தான் அவருக்குத் தந்த தலைப்பு. நன்றி சொல்லி, நாலு நல்ல வார்த்தை பேசி உட்கார்ந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

அவர் அப்படிச் செய்யவில்லை. மிஷனெரிமாரின் தியாகத்தை இந்தியத் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நன்றியோடு நினைக்கும் என்றார். ஏழைகளுக்கு உங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உடம்பையே எரிக்கக் கொடுத்தீர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு போனார். பவுல் எங்கே வந்து நிற்பார் என்பது கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அசரியாவும் அங்கேதான் வந்து நின்றார்: எங்களுக்கு அன்பும் வேண்டும், சிநேகிதர்களைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். மண்டபத்தில் பலருக்கு உறைத்தது, சிலருக்குக் கோபம் வந்தது. நூறு வருஷம் கடந்தும் கிறிஸ்தவச் சிநேகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சுக்குத் திரும்பி வருகிறார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனா ராபர்ட் 2019-இல் வெளியிட்ட 'உண்மையுள்ள சிநேகங்கள்' என்ற நூல் இன எல்லைகளைத் தாண்டிய கிறிஸ்தவ நட்புகளைப் பற்றியது. அந்த வரலாற்றை அசரியாவை விட்டுவிட்டு எழுத முடியாது.

பணமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்தவர்களிடம் ஒருவன் இன்னும் என்ன குறை கண்டான்? பேச்சின் நடுப்பகுதியில் பதில் இருக்கிறது. முதல் தலைமுறை மிஷனெரிமார் தகப்பன்மாராக இருந்தார்கள், விசுவாசிகளும் பிள்ளைகளாக இருப்பதில் சந்தோஷப்பட்டார்கள். இப்போது வருகிற இளம் மிஷனெரிமாரும் தகப்பன் ஸ்தானத்தையே எதிர்பார்க்கிறார்கள். பிள்ளைகளாக நடத்தப்பட விரும்பாத ஒரு தலைமுறை இங்கே எழும்பிவிட்டது என்றார் அசரியா. தெற்கத்திச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர் என்று மிஷனெரிமாரை மரியாதையாகச் சொன்ன அதே வாய் அடுத்த தலைமுறையில் 'துரை' என்றும் 'துரைசானி' என்றும் சொன்னது. துரை பங்களாவில் இருப்பார். உபதேசியார் மாசக் கணக்கை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுக்குள் போய் வராந்தாவில் நிற்பார். சம்பளம் கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு அங்கே இடம் எங்கே என்பதுதான் அசரியாவின் புகார். கைகுலுக்கலையும் நாற்காலியையும் தேநீரையும் அவற்றுக்காகவே கேட்கவில்லை என்று கவனமாகச் சொன்னார். உள்ளே சிநேகம் இருந்தால் இவையும் இவற்றுக்கு மேலும் தானாக வரும் என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கு அவர் சொந்தமாகப் போட்டதில்லை. யோவான் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில், கைதாகும் இரவில், இயேசு சீஷர்களை இனி ஊழியக்காரர் என்று சொல்வதில்லை, சிநேகிதர் என்கிறார். அதே இடத்தில் சிநேகிதருக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றியும் பேசுகிறார். பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பது உயிரைக் கொடுக்கும் பகுதிதான். ஏன் சிநேகிதர் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எஜமான் செய்வது ஊழியக்காரனுக்குத் தெரியாது. நானோ பிதாவிடம் கேட்டது எல்லாவற்றையும் உங்களுக்குத் தெரிவித்துவிட்டேன் என்பது காரணம். ஆக, ஊழியக்காரனையும் சிநேகிதனையும் பிரிக்கிற கோடு பாசத்தின் அளவில் விழவில்லை, தகவலில் விழுகிறது. வேலைக்காரனிடம் உயிரையே வைத்திருக்கிற எஜமான்கள் உண்டு. ஆனாலும் வீட்டுக் கணக்கு அவனுக்குத் தெரியாது. கமிட்டியில் என்ன பேசினார்கள், அடுத்த வருஷப் பணம் எங்கே போகிறது, யாரை எந்த ஊருக்கு மாற்றப்போகிறார்கள் என்று உபதேசியாருக்குத் தெரியாதவரை, மிஷனெரி அவருக்காகக் காலராவில் செத்தாலும் அவர் ஊழியக்காரர்தான்.

கிறிஸ்தவத்தில் சிநேகத்துக்கு இடமுண்டா என்றே சந்தேகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1778-இல் லண்டனில் ஒரு விருந்தில் சாமுவேல் ஜான்சன் இந்தச் சந்தேகத்தின் பக்கம் நின்று வாதிட்டார். எல்லாரையும் நேசி என்கிறது கிறிஸ்தவம். சிலரை மட்டும் தேர்ந்து அவர்கள் நன்மையை முன்வைப்பதல்லவா நட்பு என்றார். குவேக்கர் சபையைச் சேர்ந்த மேரி நோல்ஸ் அம்மையார், பன்னிரண்டு பேரில் ஒருவரை இயேசு தனியாக நேசித்தாரே என்று திருப்பிக் கேட்டதும் ஜான்சன் தோல்வியை மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். 1847-இல் கியர்க்கெகார் இதே சந்தேகத்தை இன்னும் கடுமையாக எழுப்பினார்: பிடித்தவனை நேசிப்பது தன்னையே நேசிப்பதுதான், பிறனை நேசிப்பதே கட்டளை. அவருக்கு 700 வருஷம் முன்பே வேறு திசையில் நடந்தவர் யார்க்ஷயரின் ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெட். சிசரோவின் நட்பு நூலை இளமையில் படித்து மயங்கியவர். 'ஆவிக்குரிய சிநேகம்' என்ற உரையாடல் நூலில், நாம் இருவர் இருக்கிறோம், மூன்றாவதாகக் கிறிஸ்துவும் இருக்கிறார் என்று ஒரு துறவியிடம் சொல்லித் தொடங்குகிறார். நண்பனைத் தேர்ந்து, சோதித்து, பிறகு சேர்த்துக்கொள் என்கிற அவரது அறிவுரை, வள்ளுவர் நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரமே வைத்ததை நினைவூட்டும். ஏல்ரெட் எழுதியது அழகான நூல். ஆனால் அதில் பேசுகிறவர்கள் ஒரே மடம், ஒரே அங்கி, ஒரே மொழி. அசரியாவின் சிக்கல் அவருக்கு வரவில்லை.

மேலே இருக்கிறவனும் கீழே இருக்கிறவனும் எப்படிச் சிநேகிதராவது? இதற்கு வேதாகமத்தில் நீளமான கதை ஒன்று இருக்கிறது. யோனத்தான் அரசன் சவுலின் மகன், பட்டத்துக்கு உரியவன். தாவீது ஆடு மேய்த்தவன். கோலியாத்தை வீழ்த்திவிட்டு வந்து நிற்கிறவனுக்கு யோனத்தான் தன் சால்வையைக் கழற்றிக் கொடுக்கிறான். அதோடு வஸ்திரம், பட்டயம், வில், இடைக்கச்சை. இந்த ஐந்தையும் பட்டியல் போட்டுச் சொல்வதில் கதாசிரியருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. இளவரசன் என்று அடையாளம் காட்டுகிற பொருள்கள் அவை. அடையாளத்தைக் கழற்றி எதிராளிக்கு மாட்டிவிட்டு யோனத்தான் வெறுமனே நிற்கிறான். பிறகு சவுல் கத்துகிறார்: இவன் உயிரோடிருக்கும்வரை உனக்கு ராஜ்யம் கிடையாது. அரசியலாகப் பார்த்தால் சவுல் சொன்னது முழு உண்மை. யோனத்தான் மறுக்கவில்லை, இவன் ஏன் சாக வேண்டும் என்று மட்டும் கேட்கிறான். அதற்குப் பதிலாக அவன்மேலேயே ஈட்டி பறந்து வருகிறது.

அடுத்து, சீப் வனாந்தரத்தில் தாவீது ஒளிந்திருக்கும் காட்டுக்கு யோனத்தான் தேடிப்போகிறான். நீ ராஜாவாவாய், நான் உனக்கு இரண்டாவதாயிருப்பேன் என்கிறான். அவர்கள் சந்தித்ததாகக் கதை சொல்வது அதோடு சரி. கில்போவா மலையில் யோனத்தான் சாகிறான், இரண்டாவதாக இருக்கவும் வாய்க்கவில்லை.

இந்தச் சிநேகத்தை ஒரு குறையும் இல்லாத சித்திரமாக வரைவது நம் ஞாயிறு பள்ளி வழக்கம். மூலக்கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. யோனத்தான் தாவீதை நேசித்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிற கதை, தாவீதின் மனதைப் பற்றி அந்த அளவுக்கு வாய் திறப்பதில்லை. யோனத்தான் இறந்த பிறகு பாடிய புலம்பல் பாட்டில்தான் தாவீது திறந்து பேசுகிறான். யோனத்தானின் மகன் மேவிபோசேத் ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு காலும் முடமானவன். லோதேபாரில் யார் வீட்டிலோ கிடந்தவனைத் தாவீது அழைப்பித்து, பாட்டன் நிலத்தைத் திருப்பித் தந்து, தினமும் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். பிற்பாடு வேலைக்காரன் சீபா ஒரு பொய் சொன்னதும், விசாரிக்காமல் அத்தனை நிலத்தையும் சீபாவுக்கே எழுதிக்கொடுக்கிறார். உண்மை வெளிவந்த பிறகும் முழுசாகத் திருப்பித் தரவில்லை, பாதிப் பாதி என்று பிரித்து விடுகிறார். கொடுக்கிற இடத்தில் யோனத்தான் இருந்தபோது அளவு பார்க்கவில்லை, தாவீது இருந்தபோது பார்த்தார். ஆட்சியில் உட்கார்ந்தவனுக்குச் சிநேகம் எவ்வளவு கஷ்டம் என்பதை வேதாகமம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

இந்திய மிஷன் வரலாற்றில் யோனத்தானைப் போல நடந்துகொண்டவர்கள் உண்டு. சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ் 1904-இல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு வந்த இளம் ஆங்கிலேயக் குரு. கேம்பிரிட்ஜ் மிஷன் 1881-இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே நெடுநாளாகப் பாடம் நடத்திவந்தவர் வங்காளியான சுசில் குமார் ருத்ரா. முதல்வர் பதவி காலியானபோது, வெள்ளைக்காரர்தான் அந்த நாற்காலிக்கு என்ற வழக்கப்படி பார்த்தால் ஆண்ட்ரூஸ் பெயருக்கு வாய்ப்பிருந்தது. அவர் அதை ஏற்காமல், ருத்ராவைத்தான் நியமிக்க வேண்டும் என்று நின்றார். 1906-இல் ருத்ரா முதல்வரானார், ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே வேலை பார்த்தார். 1914-இன் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் காந்தியைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டு அங்கிருந்த வெள்ளையரை அதிரவைத்தவர் என்றுதான் ஆண்ட்ரூஸை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். காலைத் தொட்டது ஒரு நிமிஷக் காரியம். ஒரு வங்காளிக்குக் கீழே வருஷக்கணக்காக வேலை பார்த்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆண்ட்ரூஸின் நண்பர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களே அதிகம் பேசப்படுகிறார்கள்: காந்தி, தாகூர், பழைய டெல்லியின் முதியவர் ஜகாவுல்லா. ஜகாவுல்லாவைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். இவர்களை மதம் மாற்றவா பழகினார் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். கேள்வி நியாயமானது. சிநேகத்தைத் தூண்டிலாக வைக்கும் சுவிசேஷப் பயிற்சிகளை இன்றும் பார்க்கிறோம்: பக்கத்து வீட்டாரோடு பழகு, பிறந்தநாளுக்குப் போ, நேரம் பார்த்துச் சொல். சொல்வதில் தவறில்லை. கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைச் சிநேகிதனிடம் மறைத்தால்தான் விசித்திரம். ஆனால் பழகுவதே இதற்காகத்தான் என்று எதிராளிக்குத் தெரியாமல் ஒரு திட்டம் ஓடுமானால், யோவான் 15 சொல்லும் அளவுகோலிலேயே அது தோற்றுவிடுகிறது. கெத்செமனே தோட்டத்தில் முத்தமிட வந்தவனைச் சிநேகிதனே என்றுதான் இயேசு அழைத்ததாக மத்தேயு எழுதுகிறார். அந்த முத்தத்தின் காரியத்தை முன்கூட்டியே பேசி வைத்திருந்தவர்கள் அதைக் கொடுத்தவனும் அவனோடு வந்த கூட்டமும்தான். அசரியாவுக்கும் காந்திக்கும் 1930களில் மதமாற்றத்தைப் பற்றிக் கடுமையான கருத்து மோதல் நடந்தது. இருவரும் தங்கள் எண்ணத்தை மறைக்கவில்லை. கொல்லைப்புற நட்பைவிட அந்தப் பகிரங்கச் சண்டை எவ்வளவோ மேல்.

சாப்பாட்டுப் பந்திக்கு வருவோம், ஏனென்றால் கிறிஸ்தவச் சிநேகத்தின் வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன. ஆயக்காரருக்கும் பாவிகளுக்கும் சிநேகிதன் என்று இயேசுவை ஊரார் ஏசியது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு பந்தியில் இருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. பேதுருவின் உபதேசத்தில் பிழையில்லை, மாறியது அவர் உட்கார்ந்த இடம். பவுலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு விசித்திரமாகத் திரும்பியது. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. 1840களின் பிற்பகுதியில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. உபதேசிமார் சாதியை விட்டதற்கு அத்தாட்சியாக, ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்ததை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். மறுத்துப் பலர் வேலையை விட்டார்கள். சாதியைக் கண்டித்தது சரி, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. கட்டளையிட்டு நடத்தும் பந்தி அன்பின் விருந்தாகுமா என்பது வேறு கேள்வி. சம்பளம் கொடுக்கிற கைதான் அங்கே இலையையும் நீட்டியது. அறுபது வருஷம் கழித்து எடின்பரோவில் எழுந்த கேள்வியும் இதே பந்தியைப் பற்றியதுதான்: எங்கள் பந்தியைச் சோதித்தீர்களே, உங்கள் மேஜையில் எங்களுக்கு இடம் உண்டா? அசரியா இந்த வார்த்தைகளில் கேட்கவில்லை. ஆனால் திருநெல்வேலிக்காரர் கேட்டதற்குப் பின்னால் இந்த வரலாறு இல்லாமலிருக்க முடியாது.

கேட்டதோடு அவர் நிற்கவும் இல்லை. 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் தமிழ்நாட்டுக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டு வெட்கப்பட்டவர், மறு வருஷம் பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். ஆளும் இங்கே, பணமும் இங்கே. கடன்பட்டவனாக இராமல் சிநேகிதனாக நிற்க வேண்டுமானால் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரோடு தமிழ்நாடெங்கும் சுற்றிய ஒய்.எம்.சி.ஏ. தோழர் ஷெர்வுட் எடி அமெரிக்கர், தமிழ் கற்றவர். சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட், இந்தியர் ஒருவரை அத்தியட்சராக்குவதற்கு வருஷக்கணக்கில் எதிர்ப்பைச் சமாளித்தார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். எடின்பரோவில் கேட்ட சிநேகிதர்களில் சிலராவது கிடைத்திருந்தார்கள். ஆனால் இந்தியருக்குக் கீழே வேலை செய்ய மனமில்லாத மிஷனெரிமாரும் இருந்தார்கள். தொடக்கத்தில் அவருக்குத் தந்தது சிறிய அத்தியட்சாதீனம். 1920-இல்தான் அது விரிந்தது.

பிறகு காட்சி தலைகீழானது. தோர்ணகல்லில் தெலுங்கு கற்று, மாட்டுவண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போன அசரியா, இப்போது மேலே இருக்கிறவர். சபைக்கு வந்தவர்களில் மிகப் பலர் மாலா, மாதிகா சாதியார். ஊர் இருவரையும் ஒதுக்கியது, அவர்களோ ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. ஆங்கிலிக்கன் முறையில் நற்கருணைக்கு ஒரே பாத்திரம். ஒருவர் வாய் வைத்ததில்தான் அடுத்தவரும் குடிக்க வேண்டும். மேஜையில் இடம் கேட்டவர், இவர்களை ஒரே பாத்திரத்துக்கு அழைத்துவர வேண்டியவரானார். கிறிஸ்துவின் ஐசுவரியத்தை ஆங்கிலேயர் தனியாகவோ இந்தியர் தனியாகவோ முழுசாக அறிய முடியாது, எல்லாரும் சேர்ந்தால்தான் முடியும் என்று எடின்பரோவில் சொன்னவருக்கு, அந்த 'எல்லாரும்' எவ்வளவு வேலை வாங்கும் என்பது தெலுங்கு நாட்டில்தான் தெரிந்திருக்கும். 1945 ஜனவரி முதல் நாள் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

வெள்ளாளன்விளையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் பிரதிஷ்டைப் பண்டிகையோடு அசனம் நடக்கிறது. ராத்திரியெல்லாம் அடுப்பெரியும், அண்டா அண்டாவாகச் சோறு வேகும், கறிக்குழம்பு கொதிக்கும். சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் லீவு போட்டு வந்துவிடுவார்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்து, பணக்காரன் ஏழை பார்க்காமல் ஒரே குழம்பைச் சாப்பிடுவது பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு சேகரத்து ஜனங்களில் பெரும்பாலானோர் ஒரே சாதியாக இருக்கிற ஊர்களில், அந்த வரிசையில் யார் இல்லை என்பது கண்ணில் படுவதில்லை. திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமொன்றில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் நின்றது. எறையூர் தேவாலயத்துச் சாதிச் சண்டை 2008-இல் துப்பாக்கிச்சூடுவரை போனது. சபைப் பத்திரிகைகளின் கல்யாண விளம்பரப் பக்கத்தில் 'ரட்சிக்கப்பட்ட' என்ற தகுதிக்குப் பக்கத்திலேயே உட்பிரிவு உட்பட சாதிப் பெயரும் அச்சாகிறது. அசரியாவின் பேச்சை நூற்றாண்டு விழா எடுத்துக் கொண்டாடிய நாம், அதை வெள்ளைக்காரனுக்குச் சொன்ன பதிலாகவே இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.